மண்ணணையும் எலி வளையும்

திருக்குர்ஆனின் 34ஆவது அத்தியாயமான ஸபாவின் விரிவுரையை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். மஃரிப் அணை உடைந்த வரலாற்றில் ‘ஸைலுல் அரிம்’ என்னும் தொடரை அடைந்தபோது, அவ்வணையின் அடியை எலியொன்று குடைந்ததே உடைப்புக்குக் காரணமாயிற்று என்று தபரீ, இப்னு கஸீர் முதலிய விரிவுரையாளர்கள் எடுத்தெழுதியுள்ள அறிவிப்பைக் கூறினோம். பின்வரிசையில் சிலர் சிரித்தனர். உண்மையைச் சொல்வதாயின், இவ்விடத்தைப் பல ஆண்டுகளாக நாமும் ஒரு புன்னகையோடு கடந்துபோகிறவராகவே இருந்தோம். தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்திலிருந்து வந்து ஓதும் மாணவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. “ஹஜ்ரத், எங்க ஊரு ஏரிக்கரைய எலிதான் உடைச்சுது” என்றார்.

அந்த ஒரு வாக்கியம் நம்மை உறங்கவிடவில்லை. விடுமுறையில் அம்மாணவரின் ஊருக்குச் சென்றோம். வாணியாற்று அணையின் கரைமீது நடந்தோம். கரையைப் பராமரிக்கும் பணியில் இருந்தவர்களிடமும், நீர் பாய்ச்சும் விவசாயிகளிடமும் கேட்டறிந்தோம். அங்கே கண்டவற்றையும், பின்னர் நூல்களைப் புரட்டித் தெரிந்துகொண்டவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தருமபுரி மாவட்டம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி இதிலிருந்து தனி மாவட்டமாயிற்று. மேற்கே காவிரி, வடகிழக்கே தென்பெண்ணை. ஆனால் இரண்டும் மாவட்டத்தின் விளிம்புகளை ஒட்டிப் பள்ளத்தில் ஓடுபவை. மேட்டு நிலத்து ஊர்களுக்கு அவை கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாத நீர். நடுவிலுள்ள ஊர்கள் நம்பியிருப்பது ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழையையும், மலைகளிலிருந்து மழைக்காலத்தில் மட்டும் இறங்கிவரும் சிற்றாறுகளையுமே. அச்சிற்றாறுகளின் குறுக்கே, பெரும்பாலும் 1970களிலும் 1980களிலும், அரசு சிறிய அணைகளைக் கட்டியது. பஞ்சப்பள்ளியில் சின்னாறு அணை, பாலக்கோட்டுப் பகுதியில் கேசர்குளி அணை, காரிமங்கலம் பக்கம் தும்பலஹள்ளி அணை, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் போய்க் கலக்கும் நாகாவதி, தொப்பையாறு ஆகியவற்றின் அணைகள், சேர்வராயன் மலையிலிருந்து இறங்கித் தென்பெண்ணையில் சேரும் வாணியாற்றின் அணை, அரூர்ப் பக்கம் வள்ளிமதுரையில் வரட்டாறு அணை என்று ஒரு வரிசையே உண்டு. கேசர்குளியைக் ‘கேசர்குளிஹள்ளா’ என்றும் எழுதுவர். ஹள்ளா என்றால் கன்னடத்தில் ஓடை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்து பேசப்படும் மண் இது என்பதற்கு அணையின் பெயரே சான்று.

இவை எவையும் மேட்டூரைப் போன்றவை அல்ல. வாணியாற்று அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் சுமார் 65 அடி. சின்னாறு அணையினது 50 அடி. வாணியாறு பத்தாயிரம் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலத்துக்கும், அதன் வழியிலுள்ள ஏரிகளுக்கும் நீர் தருகிறது. சின்னாறு அணையோ பாசனத்தோடு நில்லாமல், தருமபுரி நகருக்கே குடிநீர் அனுப்பிய அணை.

குடிநீர் என்னும் சொல்லுக்கு இம்மாவட்டத்தில் தனியான கனம் உண்டு. இங்குள்ள ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீரில் ஃபுளோரைடு அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நன்று என்றும், வேறு வழியில்லாதபோது 1.5 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. அதைத் தாண்டிய நீரைச் சிறு வயதிலிருந்தே குடித்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை படியும். நெடுங்காலம் குடித்தால் மூட்டும் முதுகெலும்பும் விறைத்துப்போகும். ஊர்களில் அந்தப் பற்களைப் பார்த்தோம். அதைப் பற்றிப் பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்ளும் இளம்பெண்களையும் பார்த்தோம்.

இதற்கான காரணம் பாறையில் இருக்கிறது. இப்பகுதியின் கருங்கல் இனப் பாறைகளில் ஃபுளோரின் கலந்த கனிமங்கள் உண்டு. மழைநீர் பாறையிடுக்கில் இறங்கி நெடுநாள் தங்கினால் அவை மெல்ல மெல்லக் கரைகின்றன. நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாயிருந்தால் ஃபுளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும்; அது குறைந்து சோடியமும் காரத்தன்மையும் மிகும்போது ஃபுளோரைடு நீரிலேயே நின்றுவிடுகிறது. ஆக, ஆழம் கூடக்கூட, நீர் பழசாகப் பழசாக, ஆபத்தும் கூடுகிறது. புதிய மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறங்கச் செய்தால் பழைய நீரின் செறிவு குறையும். ஓர் அணைக்குக் கீழேயுள்ள திறந்த கிணறுகளுக்கு மதகிலிருந்து வாய்க்கால் போகவில்லை என்றாலும், அவ்வணை அவற்றுக்கு நன்மை செய்துகொண்டேதான் இருக்கிறது.

ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் குழாயில் கொண்டுவந்தது. அது பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. எனினும் மாடும் வயலும் கிணறும் இன்னும் சிற்றாற்றையும் அதன் அணையையுமே நம்பியிருக்கின்றன. குழாயில் நீர் வராத நாளில் மனிதரும் கிணற்றுக்கே திரும்புகின்றனர்.

இனி, மண்ணால் கட்டிய கரை நீரை எவ்வாறு தாங்குகிறது என்பதைப் பார்ப்போம். நாம் கரைமீது நடந்தபோது நமக்கே முதலில் விளங்காத செய்தி இது.

மண்ணணை நீரை முற்றாகத் தடுப்பதில்லை. தடுக்க முடியும் என்று எண்ணிக் கட்டினால் அது நிலைக்காது. நீர் கரைக்குள் நுழையவே செய்யும். உள்பக்க நீர்மட்டத்திலிருந்து வெளிப்பக்க அடிவாரத்தை நோக்கி ஒரு சரிவுக் கோடாக இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கோட்டைக் கரையின் உடலுக்குள்ளேயே தாழ்த்தி, வெளியே வரும் இடத்தில் மண்ணை இழுத்துக்கொண்டு வராதபடி செய்வதே இக்கலையின் சாரம். அதற்காகவே கரையின் நடுவே இறுக்கமான களிமண்ணைச் சுவர்போல வைத்து, முள் பதித்த உருளையால் அடுக்கடுக்காக அழுத்துகின்றனர். அடியில் பாறை வரை அகழி தோண்டி அதையும் களிமண்ணால் நிரப்புகின்றனர். வெளிப்பக்க அடிவாரத்தில் மணல், சரளை, கல் எனப் படிப்படியாகப் பருமன் கூடும் வடிகட்டியை அமைக்கின்றனர். உட்சரிவில் அலை மோதி அரிக்காதிருக்க அலைகற்களைப் பாவுகின்றனர். வெளிச்சரிவில் புல் வளர்க்கின்றனர். சரிவுகள் நிமிர்ந்து நிற்பதில்லை: ஓர் அடி உயரத்துக்கு உட்பக்கம் இரண்டரை முதல் மூன்றடி வரை, வெளிப்பக்கம் ஏறக்குறைய இரண்டடி அகலம் விடுகின்றனர். கரை ஏன் இவ்வளவு சாய்ந்து படுத்திருக்கிறது என்று கேட்டோம். நனைந்த மண் அதைவிட நிமிர்ந்து நிற்காது என்றார்கள்.

ஆகையால் கரையின் வெளிப்பக்கத்தில் கசிவைக் கண்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. வரும் நீர் தெளிந்ததா, கலங்கியதா என்பதே கேள்வி. தெளிந்த நீர் ஒரே அளவில் வந்தால் கரை தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். கலங்கி வந்தால் நீரோடு மண்ணும் வருகிறது; உள்ளே எங்கோ ஒரு குழாய் உருவாகிக்கொண்டிருக்கிறது. அக்குழாய் வெளிவாயில் தொடங்கி, உட்பக்கத்தை நோக்கிப் பின்னோக்கி வளரும். இன்று விரல் அளவு. நாளைக் கை நுழையும் அளவு. அது நீர்த்தேக்கத்தை எட்டிய பிறகு கணக்கு நாளில் இல்லை, மணியில்.

இவ்விடத்தில் மக்கள் செய்யும் ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். கலங்கிய நீர் வரும் வாயைக் களிமண்ணை அப்பி அடைத்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுகின்றனர். அடைபட்ட நீர் உள்ளேயே அழுத்தம் கூடி வேறிடத்தில் பெரிதாக வெடிக்கும். அனுபவமுள்ளவர்கள் அதை அடைப்பதில்லை. அதன்மீது முதலில் மணலும், அடுத்துச் சரளையும், மேலே கனமான கற்களுமாகப் பரப்புகின்றனர். நீர் போகட்டும், மண் நிற்கட்டும் என்பதே முறை. மூட்டைகளை அடுக்கிக் கசிவைச் சுற்றி வட்டமாக வரப்புக் கட்டி, வெளியே நீர் நிற்கும் மட்டத்தை உயர்த்தி, உள் அழுத்தத்துக்கு எதிர் அழுத்தம் கொடுப்பதும் உண்டு.

இப்போது எலிக்கு வருவோம். எலியும் பெருச்சாளியும் நண்டும், சில இடங்களில் முள்ளம்பன்றியும், நீர்மட்டத்துக்கு மேலே உலர்ந்திருக்கும் கரையையே தேர்ந்து வளை தோண்டுகின்றன. அணையில் நீர் குறைந்திருக்கும் வரை அவ்வளைகளால் தீங்கில்லை. நீர் ஏறும்போதுதான், களிமண் சுவரைச் சுற்றிக்கொண்டு போவதற்கு ஆயத்தமாக ஒரு வழி இருப்பதை அது காண்கிறது. கரையில் வளர்ந்த சீமைக்கருவேலத்தின் செயலும் இதுவே. மரத்தை வெட்டிவிட்டோம் என்று திருப்தி அடைகிறோம். உள்ளே மட்கிப்போன வேர், தான் இருந்த இடத்தைக் குழாயாக விட்டுச்செல்கிறது.

தருமபுரியின் தனி ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. இவ்வணைகள் ஆண்டுதோறும் நிரம்புபவை அல்ல. மழை பொய்த்தால் தொடர்ந்து சில ஆண்டுகள் அடி தெரியக் கிடக்கும். அக்காலத்தில் களிமண் சுருங்கி வெடிக்கிறது, எலிகள் பெருகுகின்றன, புதர் மண்டுகிறது, அணையை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீரில்லாத அணைக்கு என்ன காவல் என்றே தோன்றும். பிறகு ஒரே நாளில் மழை வருகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து வலுவிழந்தபோது, அரூரில் 24 மணி நேரத்தில் 33 சென்டிமீட்டரும், அண்டை மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் மழை பதிவாயின. ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு நெருக்கமான மழை அரூரில் ஒரு நாளில் இறங்கியது. நெடுங்காலம் காய்ந்த கரை முதன்முறை விரைந்து நிரம்பும் நாளே அதன் வாழ்நாளில் மிக மோசமான நாள்.

கரையைக் கொல்லும் இரண்டாவது வழி நீர் அதன் தலைக்குமேல் வழிவது. கல்லணை சிறிது நேரம் அதைத் தாங்கும்; மண்ணணை தாங்காது. எனவே கரையின் உயரத்தைவிடக் கலிங்கின் அகலமும், ஷட்டர்கள் தடையின்றி ஏறி இறங்குவதுமே முக்கியம். 1979 ஆகஸ்ட் 11ஆம் நாள் குஜராத்தின் மோர்பி நகருக்கு மேலே மச்சு இரண்டாம் அணையில் நடந்தது இதுவே: நடுவிலிருந்த கல்கட்டு நின்றது, இருபுறமும் இருந்த மண்கரைகள் போயின, நகரம் அழிந்தது. நமக்கு அருகில், 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் ஷட்டர் ஒன்று உடைந்து தேக்கிய நீர் வீணாக வெளியேறியது. அங்கே கரை தப்பியது என்றாலும், 1950களின் இரும்பை எவ்வளவு காலம் நம்பலாம் என்ற வினா எழவே செய்தது.

சிரித்த மாணவர்களுக்கு மற்றொரு செய்தியும் சொன்னோம். 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்னும் ஊரின் மண்ணணை இரவில் உடைந்து பலர் மாண்டபோது, அம்மாநில அமைச்சர் ஒருவர் நண்டுகளே காரணம் என்றார். நாடே நகைத்தது. நண்டு கரையைத் துளைக்காது என்பதல்ல அந்த நகைப்பின் நியாயம். கசிவைப் பற்றி ஊர்மக்கள் முன்பே முறையிட்டிருந்தனர். நண்டுக்கு வளை தோண்டுவது இயல்பு. வளையைப் பார்த்து மூடுவது வேறொருவரின் கடமை.

இந்த வெளிச்சத்தில் மஃரிபுக்குத் திரும்புவோம். அவ்வணையும் மண்ணணையே என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இன்றும் நிற்கும் கல் மதகுகளின் படங்களைப் பார்த்துவிட்டு அதைக் கல்லணை என எண்ணுகிறோம். கல்லால் ஆனவை இரு முனைகளிலும் இருந்த மதகுகளே. நடுவில் ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்துக்கு, இறுதிக் காலத்தில் சுமார் 15 மீட்டர் உயரத்துக்கு இருந்தது, கல் பாவிய மண்கரை. ஆதலால்தான் மதகுகள் எஞ்சின, கரை எஞ்சவில்லை. 1986இல் அதற்கு மேலே ஐக்கிய அரபு அமீரகத் தலைவர் ஷைக் ஸாயிதின் பொருளுதவியால் கட்டப்பட்ட புதிய அணையும் மண்ணணையே. தருமபுரியின் சிற்றணைகளுக்கு ஏறத்தாழ ஒத்த வயதுடையது அது.

‘அரிம்’ என்னும் சொல்லுக்கு விரிவுரையாளர்கள் பல பொருள் கூறினர். சிலர் அது பள்ளத்தாக்கின் பெயர் என்றனர். சிலர் கடும் மழை என்றனர். குடைந்த எலியின் பெயரே அது என்றாரும் உளர். நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஜலாலைன், நீரைத் தேக்கிவைக்கும் கட்டுமானம் என்ற பொருளைக் கொள்கிறது. பிற்காலத்தில் படித்தறியப்பட்ட தென்னரபியக் கல்வெட்டுகளில் ஐன், ரே, மீம் என்னும் அதே எழுத்துகளாலான சொல் அணை என்ற பொருளிலேயே வருகிறது. ஜலாலைன் சரியான இடத்தில் நின்றிருக்கிறது என்பது நம் எண்ணம். எலியைச் சொன்னவர்களும், அகராதியில் தவறியிருக்கலாமேயன்றி, அணை உடையும் விதத்தை அறியாதவர்கள் அல்லர்.

அக்கல்வெட்டுகளில் மிக நீண்டவற்றுள் ஒன்று, யானைப் படையோடு மக்காமீது வந்தவனாக நாம் அறிந்த அப்ரஹாவினுடையது, கி.பி. 548ஐ ஒட்டியது. அதில் அணையின் பழுதுபார்ப்பு விவரிக்கப்படுகிறது. வேலை நடுவே கொள்ளைநோய் பரவியதால் ஆட்களை ஊருக்கு அனுப்பியதும், அவர்கள் மீண்டு வந்ததும், அவர்கள் உண்ட மாவு, பேரீச்சம்பழம், இறைச்சி ஆகியவற்றின் கணக்கும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கரை நின்றது ஒருமுறை நன்றாகக் கட்டப்பட்டதால் அன்று. திரும்பத் திரும்பப் பழுதுபார்க்கப்பட்டதால். அப்பணி ஓய்ந்த ஒரு தலைமுறைக்குள் அது இறுதியாக உடைந்தது.

அண்மைக் காலத்தில் அரபுலகம் கண்ட பெருந்துயரும் இதே வகையினதே. லிபியாவின் தர்னா நகருக்கு மேலே 1970களில் கட்டப்பட்ட இரு அணைகள், களிமண் நடுச்சுவரும் கல் நிரப்பிய பக்கங்களும் கொண்டவை. பழுதுபார்க்கும் பணி 2011 கலகத்தோடு நின்றுபோயிற்று. 2022இல் அந்நாட்டு நீரியல் அறிஞர் ஒருவர் ஆபத்தை எழுத்தில் எச்சரித்தார். 2023 செப்டம்பர் 10, 11 இடைப்பட்ட இரவில் டேனியல் புயலில் இரண்டும் உடைந்து, ஆயிரக்கணக்கானோர் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டனர்.

அப்படியாயின் பழுதுபார்ப்பது யார் பொறுப்பு? இவ்வினாவைச் சட்ட மேதைகள் நேராகவே எடுத்து ஆராய்ந்துள்ளனர். ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூ யூஸுஃப் எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ நூலில், யூப்ரடீஸ், டைக்ரிஸ் போன்ற பேராறுகளின் கரை உடைப்புகளையும் அணைக்கட்டுகளையும் சீர்செய்யும் செலவு முழுவதும் பைத்துல்மாலையே சாரும், நில வரி கட்டுவோர்மீது ஏற்றலாகாது என்கிறார். அதன் பயன் எல்லோருக்குமானது என்பதே காரணம். சிலருக்குப் பொதுவான வாய்க்காலைத் தூர்வாருவதில் ஹனஃபீ இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹிதாயா ஓதியோர் அறிவர்: தலைப்பிலிருந்து தூர்வாரி வரும்போது ஒருவரின் நிலத்தைக் கடந்ததும் அவர் பொறுப்பு நீங்கிவிடும் என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் கருத்து. முதல் முதற்கொண்டு கடைசி வரை முழுச்செலவிலும் எல்லோருக்கும் பங்குண்டு என்பது அவருடைய மாணவர் இருவரின் கருத்து. மேலே உள்ளவருக்கும் மிகைநீர் கீழே வடிய வழி வேண்டுமன்றோ என்பது அவர்கள் வாதம்.

நம் நாட்டிலும் ஏரிக்கரையைக் காப்பது குடிமக்களின் கூட்டுப்பணியாகவே இருந்தது. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். ‘மராமத்து’ வேறெங்கிருந்தும் வந்ததன்று. வக்ஃபுச் சொத்தைச் செப்பனிடுவதற்கு ஃபிக்ஹு நூல்கள் ஆளும் அதே ‘மரம்மத்’ தான், குடி என்னும் தமிழ்ச் சொல்லோடு கைகோத்து நிற்கிறது. 1858இல் சென்னை அரசு ஒரு சட்டம் இயற்றி, இப்பணிக்கு வராதவரிடம் தண்டம் வாங்க வழிசெய்தது. சட்டம் வேண்டியதாயிற்று என்பதே வழக்கம் தளர்ந்துவிட்டதைக் காட்டுகிறது. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் ஏரிப் பணிகளை மீண்டும் தொடங்கியது. அணைப் பாதுகாப்புக்கென நடுவணரசு 2021இல் இயற்றிய சட்டம், மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்வதைக் கட்டாயமாக்கியது. ஆனால் அது முதன்மையாக 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையே கருதுகிறது. 10 மீட்டருக்கும் குறைந்த ஏரிக்கரைகள், அதாவது நம் மாணவரின் ஊர்க்கரை போன்றவை, அதன் கணக்கில் வாரா. அவற்றைப் பார்க்க ஊராரின் கண்கள்தாம் உண்டு.

ஊரில் நாம் கண்ட முறை எளிதானது. ஐப்பசி மழைக்கு முன் நாலைந்து பேர் கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் ஒருமுறையும், மேலே ஒருமுறையும் நடக்கின்றனர். புல்லை அறுத்துவிட்டே நடக்க வேண்டும். இல்லையேல் வளை தெரியாது. வளையைக் கண்டால் மண்ணை மேலே தள்ளி மூடுவதில்லை; முடிவு தெரியும்வரை வெட்டித் திறந்து, ஈரக் களிமண்ணை அடுக்கடுக்காக இடித்து நிரப்புகின்றனர். இரண்டு ஆள் வேலை, அரை நாள்.

திரும்பி வந்து இதையெல்லாம் வகுப்பில் சொன்னோம். ஹிதாயாவின் கருத்து வேறுபாட்டையும் விளக்கினோம். அதே ஆற்றுப் பாசனத்தின் தலைமடை ஊரைச் சேர்ந்த இன்னொரு மாணவரும் அவ்வகுப்பில் இருந்தார். அவர் எழுந்து இமாமவர்களின் கருத்தே வலுவானது என்றார். கடைமடைக்காரரான நம் மாணவர், மாணவர் இருவரின் கருத்தின்படியே தீர்ப்பளிக்க வேண்டும் என்றார். சென்ற ஆண்டு தலைமடையார் மராமத்துக்கு ஆள் அனுப்பவில்லை என்பதையும் அவர் ஆதாரமாகக் காட்ட முற்பட்டார். அதற்குள் லுஹருக்குப் பாங்கு சொல்லப்பட்டது. வழக்கு அடுத்த நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது.